எதிர்வீட்டுக் கொலைகாரர் வக்கீலான கதை

ஒரு பெண் அடுத்தவர் வீட்டுக்குள் புகுந்து மாட்டிக்கொண்டிருக்கிறாள். போலீஸ் வந்துவிட்டது. ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறாள். அவள் விரலில் இருப்பது காணாமல் போன வீட்டுக்காரியின் கல்யாண மோதிரம். முற்றத்துக்கு அப்பால், எதிர்வீட்டில், கால் ஒடிந்து சக்கர நாற்காலியில் கிடக்கும் காதலனுக்கு அந்த மோதிரத்தைத் தொட்டுத் தொட்டுக் காட்டுகிறாள். பக்கத்தில் நிற்கும் வீட்டுக்காரன் அதைக் கவனித்துவிடுகிறான். விரல் ஏன் ஆடுகிறது? யாருக்காக ஆடுகிறது? அவன் கண் மெல்ல மேலே வருகிறது. ஜன்னலைத் தாண்டி, முற்றத்தைத் தாண்டி, நேரே நம் முகத்தில் வந்து நிற்கிறது.

ஹிட்ச்காக்கின் ‘ரியர் விண்டோ’, 1954. அதுவரை ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டோடு சேர்ந்து நாமும் சொகுசாக ஊரார் வீட்டை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த ஒரு பார்வையில் பிடிபட்டது நாம்தான் என்று ஆகிவிடும். எத்தனையாவது தடவை பார்த்தாலும் எனக்கு அந்த இடத்தில் நாற்காலியில் கொஞ்சம் பின்னால் நகரத் தோன்றும்.

கிரேஸ் கெல்லியைப் பற்றியும் ஸ்டூவர்ட்டைப் பற்றியும் எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் எழுத நினைத்தது அந்தப் பார்வைக்குச் சொந்தக்காரரைப் பற்றி. ரேமண்ட் பர்.

சித்தப்பாவோடு உட்கார்ந்து இந்தப் படத்தைப் பார்த்தபோதுதான் விஷயம் ஆரம்பித்தது. அவர் காலேஜ் நாட்களில் வாடகைப் புத்தகக் கடையிலிருந்து, துப்பறியும் வக்கீல் பெர்ரி மேசன் நாவல்களை அடுக்கடுக்காகத் தூக்கிவந்து படித்த தலைமுறை. அட்டை கிழிந்து, முதல் பக்கத்தில் தேதி முத்திரை குத்திய பாக்கெட் புத்தகங்கள். மேசன் பெயரைச் சொன்னால் இப்போதும் முகம் மலரும். “சித்தப்பா, டிவியில் பெர்ரி மேசனாக ஒன்பது வருஷம் நடித்தது இந்த ஆள்தான்” என்றேன். நம்பவில்லை. “இவனா? இந்தத் தடியனா? பெண்டாட்டியை வெட்டிப் பெட்டியில் போட்டவனா?” என்றார். போனில் படத்தைத் தேடிக் காட்டினேன். கறுப்பு சூட், படிய வாரிய தலை, மேஜை மேல் ஊன்றிய கை. ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “கண்ணு அதேதான்” என்றார்.

கண் அதேதான். பல நாள் யோசித்தும் எனக்கும் அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை.

பர் பிறந்தது கனடாவில், பிரிட்டிஷ் கொலம்பியாவின் நியூ வெஸ்ட்மின்ஸ்டர் என்ற ஊரில், 1917 மே 21. ஆறு வயதில் அப்பா அம்மா பிரிந்ததும் அம்மா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கலிபோர்னியாவின் வயேஹோவுக்கு வந்துவிட்டார். பசடீனா ப்ளேஹவுஸில் நாடகம், கொஞ்ச காலம் அங்கேயே நடிப்பு சொல்லிக்கொடுக்கும் வேலை, 1946 வாக்கில் ஆர்.கே.ஓ. ஸ்டூடியோவில் ஒப்பந்தம். ஆள் உயரம், அகலம், அதற்கேற்ற எடை. அப்படிப்பட்ட ஆளுக்கு ஹாலிவுட் என்ன வேஷம் கொடுக்கும்? வில்லன்தான். அடுத்த பத்து வருஷத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட படங்கள். கறுப்பு வெள்ளைக் குற்றப்படங்களின் பொற்காலம் அது. இருட்டுக்குப் பஞ்சமில்லை, அந்த இருட்டில் நிற்கப் பெரிய உருவங்களும் வேண்டியிருந்தன.

ஆந்தனி மேன் இயக்கிய ‘ரா டீல்’ (1948) படத்தில் இவர் ரௌடிக் கும்பலின் தலைவன். நெருப்பு என்றால் அவனுக்கு ஒரு தனி ஆசை. விருந்தில் ஒரு பெண் தெரியாமல் இவன் மேல் எதையோ கொட்டிவிடுகிறாள். எரிந்துகொண்டிருக்கும் பாத்திரத்தை எடுத்து அவள் மேல் வீசுகிறான். ஒளிப்பதிவாளர் ஜான் ஆல்டன் கேமராவைக் கீழே வைத்து எடுத்திருக்கிறார், அதனால் பர் கூரையை அடைத்துக்கொண்டு நிற்பது போல இருக்கும். இந்தக் காட்சியைத்தான் எல்லோரும் சொல்வார்கள்.

எனக்கு அதைவிட அதே வருஷம் வந்த ‘பிட்ஃபால்’தான் பயம். அதில் இவர் தனியார் துப்பறிவாளர். துணிக்கடையில் உடைகளை உடுத்திக் காட்டும் மாடலாக வேலை பார்க்கும் லிசபெத் ஸ்காட் மேல் இவருக்கு ஒருதலைப் பித்து. அவள் கடைக்கே வந்து, வாடிக்கையாளர் மாதிரி உட்கார்ந்து, உடைகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டச் சொல்கிறார். அவளால் மறுக்க முடியாது, வேலை போய்விடும். இவர் அடிக்கவில்லை, கத்தவில்லை, பக்கத்தில்கூட வரவில்லை. உட்கார்ந்து பார்க்கிறார், அவ்வளவுதான். இந்த மனிதருக்கு ஆயுதம் எது என்று எனக்குப் புரிந்தது அங்கேதான். மற்ற வில்லன்கள் ஏதாவது செய்து பயமுறுத்துவார்கள். இவர் சும்மா இருந்து பயமுறுத்துவார்.

‘ரியர் விண்டோ’வில் அதுவே உச்சத்துக்குப் போகிறது. படத்தின் பெரும்பகுதியில் பர் நடிக்கும் அந்த எதிர்வீட்டுக்காரன் தார்வால்ட் என்ன பேசுகிறான் என்பதே நமக்குச் சரியாகக் கேட்காது. தூரத்தில் ஒரு ஜன்னல், உள்ளே ஒரு கனத்த உருவம் போகிறது, வருகிறது, பெட்டிக்குக் கயிறு கட்டுகிறது. பாராமவுண்ட் ஸ்டூடியோவுக்குள்ளேயே ஒரு முழு முற்றத்தையும் குடியிருப்புகளையும் செட் போட்டு எடுத்தார்கள். எதிர்ப்பக்கம் நடிப்பவர்களின் காதில் தோல் நிறத்தில் ஒரு சின்னக் கருவி. ஹிட்ச்காக் இந்தப் பக்கம் ஸ்டூவர்ட்டின் வீட்டிலிருந்து மெல்லிய குரலில் சொல்லச் சொல்ல, அந்தப் பக்கம் பர் நடப்பார். அவருக்கு அப்போது வயது 36. நரைத்த சுருட்டை முடியும் கண்ணாடியும் வைத்துக் கிழடாக்கிவிட்டார்கள். அந்த ஒப்பனையில் ஹிட்ச்காக் தன் பழைய முதலாளியான தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக்கைப் பழிவாங்கினார் என்று சினிமாக்காரர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மறுக்கவும் முடியாது.

ஒரு நாய் செத்துக் கிடக்கும் இரவில் குடியிருப்பே ஜன்னலுக்கு வருகிறது. ஒரே ஒரு ஜன்னல் மட்டும் இருட்டு. அந்த இருட்டுக்குள் நெருப்பு முனை ஒன்று சிவந்து, மங்கி, சிவக்கிறது. அந்தப் புள்ளியும் ரேமண்ட் பர்தான். கடைசியில் ஸ்டூவர்ட்டின் அறைக்கே வந்து நின்று, “என்னிடம் உனக்கு என்ன வேண்டும்?” என்கிற பொருளில் அவன் கேட்கும்போது குரலில் கோபத்தைவிடக் களைப்பு அதிகம். கொலைகாரனைப் பார்த்து ஒரு நொடி பரிதாபப்பட்டுவிட்டு, உடனே அதற்காக வெட்கப்படுவோம்.

இதற்கு முன்பே, 1951ல், ஜார்ஜ் ஸ்டீவன்ஸின் ‘எ ப்ளேஸ் இன் தி சன்’ படத்தில் பர் அரசு வக்கீலாக வந்தார். கைத்தடி ஊன்றிய, கால் விந்தும் வக்கீல். காதலி ஏரியில் மூழ்கிச் செத்த வழக்கு. நீதிமன்றத்துக்குள்ளேயே படகைக் கொண்டுவந்து வைத்து, துடுப்பை ஓங்கிப் படகில் அடித்து உடைக்கிறார். குற்றவாளிக் கூண்டில் இருப்பவர் அழகான மாண்ட்கமரி கிளிஃப்ட். நம் மனசு அவர் பக்கம். அதனால் இந்த வக்கீலும் நமக்கு வில்லன்தான். ஆனால் அந்தத் துடுப்பு ஒருத்தர் மனசில் தங்கிவிட்டது.

அவர் கேய்ல் பேட்ரிக் ஜாக்சன். முன்னாள் நடிகை, சட்டமும் கொஞ்சம் படித்தவர். பெர்ரி மேசனை டிவிக்குக் கொண்டுவரும் வேலை அவர் கையில் இருந்தது. எழுத்தாளர் எர்ல் ஸ்டான்லி கார்ட்னர் சாமானியப்பட்ட ஆள் இல்லை. தானே கோர்ட்டில் வாதாடிய வக்கீல். 1930களில் வார்னர் கம்பெனி மேசனை வைத்து எடுத்த படங்கள் அவருக்குப் பிடிக்காமல் போனதால், இந்தத் தடவை தயாரிப்பையே தன் பிடிக்குள் வைத்துக்கொண்டார். நடிகர் தேர்வு நீண்டுகொண்டே போனது. பர் முதலில் வந்தது மேசனிடம் வாராவாரம் தோற்கும் அரசு வக்கீல் ஹாமில்டன் பர்கர் வேஷத்துக்கு. நீங்கள்தான் மேசன், ஆனால் 60 பவுண்டாவது குறைக்க வேண்டும் என்று ஜாக்சன் சொல்லிவிட்டார். கிட்டத்தட்ட 27 கிலோ. மனிதர் பட்டினி கிடந்து இளைத்துக்கொண்டு வந்து வேஷத்தை வாங்கினார். மேசனாக நடிக்க முயன்ற இன்னொருவரான வில்லியம் ஹாப்பருக்குத் துப்பறிவாளர் பால் டிரேக் வேஷம். மேசனின் செயலாளர் டெல்லா ஸ்ட்ரீட்டாக பார்பரா ஹேல், பர்கராக வில்லியம் டால்மன், போலீஸ் அதிகாரி டிராக்காக ரே காலின்ஸ்.

இந்த இடத்தில் ஒரு சின்ன விலகல். மேசனுக்கு ஒரு வருஷம் முன்னால் பர் செய்த ஒரு வேலை பலருக்குத் தெரியாது. ஜப்பானியர்கள் 1954ல் எடுத்த காட்ஸில்லாவை அமெரிக்காவில் அப்படியே வெளியிட்டால் ஓடாது என்று விநியோகஸ்தர்கள் நினைத்தார்கள். பர்ரை வைத்துச் சில நாட்களில் தனிக் காட்சிகள் எடுத்து, ஸ்டீவ் மார்ட்டின் என்ற அமெரிக்க நிருபராக நடுநடுவே செருகிவிட்டார்கள். ஜப்பானிய நடிகர்களுக்குப் பதில் முதுகு மட்டும் தெரியும் ஆட்கள், அவர்களோடு இவர் பேசுவார். மீதி நேரம் ஜன்னல் ஓரம் நின்று, எரியும் தோக்கியோவைப் பார்ப்பார். அதாவது அந்த நகரம் அங்கே இல்லை, பூதமும் இல்லை. வெறும் சுவரைப் பார்த்து நின்றிருக்கிறார். ஆனால் நமக்குப் பூதம் தெரிகிறது. 1985ல் அடுத்த காட்ஸில்லாவுக்கும் அதே வேஷத்தில் வந்தார். அதற்குள் ஸ்டீவ் மார்ட்டின் என்ற காமெடி நடிகர் உலகப்புகழ் ஆகிவிட்டதால், படம் முழுக்க ‘மிஸ்டர் மார்ட்டின்’ என்றே சமாளித்தார்கள்.

சரி, மேசனுக்கு வருவோம்.

1957 செப்டம்பர் 21, சனிக்கிழமை இரவு, சிபிஎஸ் டிவி. அன்று தொடங்கி 1966 வரை 271 வாரக் கதைகள். ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம், அதுவும் ஃபிலிமில் எடுத்தது. முதல் பருவத்தில் மட்டும் 39. இன்று பத்துப் பகுதி எடுத்துவிட்டு இரண்டு வருஷம் ஓய்வெடுக்கும் காலத்தில் நினைத்துப் பார்த்தால் தலை சுற்றும். எல்லாக் காட்சியிலும் மேசன் வேண்டும், எல்லாச் சாட்சியையும் மேசன் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். பக்கம் பக்கமாகக் கேள்விகள். வாரத்தில் ஆறு நாள் படப்பிடிப்பு. வீட்டுக்குப் போய் வர நேரமில்லாமல் பர் ஸ்டூடியோ வளாகத்திலேயே தங்கினார். விடியற்காலை மூன்று, மூன்றரைக்கு எழுந்து அன்றைய வசனத்தை மனப்பாடம் செய்வார்.

வழக்குகளில் பெரும்பாலும் ஜூரியே இருக்காது என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? நடப்பது முழு விசாரணையே இல்லை. வழக்கை விசாரணைக்கு அனுப்பும் அளவு ஆதாரம் இருக்கிறதா என்று நீதிபதி பார்க்கும் ஆரம்பக் கட்ட விசாரணை. கலிபோர்னியா நடைமுறையில் அதற்கு ஜூரி கிடையாது. கார்ட்னர் நாவல்களிலேயே இந்த உத்தி உண்டு. டிவிக்காரர்களுக்குக் கூடுதல் லாபம்: பன்னிரண்டு துணை நடிகர்களுக்குச் சம்பளம் மிச்சம்.

கதை எல்லாம் ஒரே அச்சு. முதல் கால் மணி நேரம் யாரோ சிலர் சண்டை போடுவார்கள், அதில் ஒரு வெறுக்கத்தக்க ஆள் செத்துப்போவான், அப்பாவி மாட்டுவார், மேசன் வருவார், கடைசியில் பார்வையாளர் வரிசையில் ஒருவர் எழுந்து “நான்தான் செய்தேன்” என்று உடைந்து அழுவார். கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். இருந்தும் பார்க்க வைப்பது எது? எனக்குத் தெரிந்தவரை, பர் கேட்கும் விதம். கேள்வி கேட்கும் விதத்தைச் சொல்லவில்லை. பதிலைக் காது கொடுத்துக் கேட்கும் விதம். சாட்சி பேசும்போது நடிகர்கள் பொதுவாக அடுத்த கேள்விக்குத் தயாராவது முகத்தில் தெரியும். பர் அசையாமல் இருப்பார். சாட்சி பொய் சொல்லும் நொடியில் கண் முதலில் திரும்பும், தலை அப்புறம்தான். சாட்சிக்கு வியர்க்கிறதோ இல்லையோ, நமக்கு வியர்க்கும். ‘பிட்ஃபால்’ துணிக்கடையில் உட்கார்ந்து பார்த்த அதே பார்வை. அங்கே அது அருவருப்பு, இங்கே அது நீதி. அவர் எதையும் மாற்றவில்லை. நம்மைத்தான் எதிர்ப்பக்கத்திலிருந்து எழுப்பித் தன் பக்கம் உட்கார வைத்துக்கொண்டார்.

1959லும் 1961லும் எம்மி விருது. எப்படி எல்லா வழக்கிலும் ஜெயிக்கிறீர்கள் என்று ஒரு அம்மாள் கேட்டதற்கு, நீங்கள் பார்ப்பது சனிக்கிழமை வழக்குகளை மட்டும்தானே என்று பதில் சொன்னதாக அவரே பல இடங்களில் சொல்லியிருக்கிறார். பர்கருக்கு அரிதாகச் சில வெற்றிகள் உண்டு. 2009ல் சோனியா சோட்டோமயோர் உச்ச நீதிமன்ற நீதிபதி நியமனத்துக்காக செனட் குழு முன் உட்கார்ந்திருந்தபோது, சின்ன வயதில் மேசன் பார்த்ததைச் சொன்னார். பர்கர் ஜெயித்த வழக்கு எது என்று செனட்டர் அல் ஃபிராங்கன் கேட்க, அவருக்கு ஞாபகம் வரவில்லை. அவ்வளவு பெரிய விசாரணையில் அவர் பதில் தெரியாமல் நின்ற கேள்வி அது!

அந்த பர்கரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1960ல் ஒரு வீட்டு விருந்துக்குள் போலீஸ் புகுந்து கைது செய்தவர்களில் டால்மனும் ஒருவர். ஒப்பந்தத்தில் இருந்த ஒழுக்க விதியைக் காட்டி சிபிஎஸ் அவரை நீக்கியது. நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்த பிறகும் சேர்த்துக்கொள்ளவில்லை. பர், கார்ட்னர், ஜாக்சன் மூவரும் விடாமல் வாதாடினார்கள், ரசிகர்களும் கடிதம் கடிதமாக எழுதினார்கள். வருஷக் கடைசியில் டால்மன் திரும்பி வந்தார். திரையில் வாராவாரம் அவரைத் தோற்கடித்தவர் வெளியே அவருக்காக வாதாடினார் என்று இதை ஒரு இனிப்பான துணுக்காகச் சொல்வார்கள்.

எனக்கு அதில் வேறு ஒன்று படுகிறது. அந்த ஒழுக்க விதி எவ்வளவு சுலபமாகப் பாயும் என்று பர்ருக்கு மற்றவர்களைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். ஏனென்றால் அவர் அப்போது ராபர்ட் பெனவிடஸ் என்பவரோடு வாழ்க்கையைத் தொடங்கியிருந்தார். பெனவிடஸும் நடிகராக இருந்தவர், பிறகு தயாரிப்பு வேலைக்கு வந்தவர். இருவரும் முப்பது வருஷத்துக்கு மேல், பர் சாகும்வரை சேர்ந்து வாழ்ந்தார்கள். ஆணும் ஆணும் உடலுறவு கொள்வது அன்றைய கலிபோர்னியாவில் சட்டப்படியே சிறைக்கு அனுப்பக்கூடிய விஷயம். 1970களின் நடுவில்தான் அந்தச் சட்டம் போனது. டால்மனுக்கு ஒரு விருந்து போதுமாக இருந்தது என்றால் மேசனுக்கு எவ்வளவு போதும்?

அதனால் பர் தனக்கென்று ஒரு கதை வைத்திருந்தார். முதல் மனைவி, 1943ல் நடிகர் லெஸ்லி ஹவர்ட் பயணம் செய்து ஜெர்மானியர்கள் சுட்டு வீழ்த்திய விமானத்தில் இறந்துபோனார். அவர்களுக்கு ஒரு மகன், ரத்தப் புற்றுநோயில் போய்விட்டான். இன்னொரு மனைவியும் புற்றுநோயில். தவிர, கடற்படையில் போர்க் காயம். பேட்டிகளில் இதையெல்லாம் கனத்த குரலில் சொல்வார், நிருபர்கள் அதற்கு மேல் கேட்கத் தயங்கி எழுதிக்கொண்டு போவார்கள். ஆவணங்களில் இருப்பது 1948ல் இசபெல்லா வார்ட் என்பவரோடு நடந்து சீக்கிரமே முடிந்த ஒரு கல்யாணம் மட்டும். அந்த விமானத்தின் பயணிகள் பட்டியலில் அவர் சொன்ன பெயர் இல்லை. வேறு எந்தப் பதிவிலும் அந்த மகனும் இல்லை. கற்பனைக் கதையில்கூட அவர் யாரையும் உயிரோடு விட்டுவைக்கவில்லை, பாருங்கள். செத்தவர்களைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற முடியாது. பெர்ரி மேசனுக்கு இது தெரியாதா என்ன?

மேசன் முடிந்த விதம் அழகு. 1966 மே மாதம் வந்த கடைசிக் கதையில் கார்ட்னரே நீதிபதியாக உட்கார்ந்தார். கதை ஒரு டிவி ஸ்டூடியோவில் நடப்பது. ஒன்பது வருஷம் கேமராவுக்குப் பின்னால் இருந்த தொழிலாளிகள் அதில் முன்னால் வந்து முகம் காட்டினார்கள்.

அடுத்த வருஷமே ‘அயர்ன்சைட்’. சான் ஃபிரான்சிஸ்கோ போலீஸ் அதிகாரி, தோட்டா பாய்ந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்து, சக்கர நாற்காலியில் இருந்தபடியே துப்பறிபவர். 1975 வரை என்பிசியில் ஓடியது. சக்கர நாற்காலியில் இருந்தவரை ஜன்னல் வழியே தள்ளிவிட்ட தார்வால்ட், பதின்மூன்று வருஷம் கழித்து அந்த நாற்காலியிலேயே வந்து உட்கார்ந்தார். அசையாமல் நடிக்கத் தெரிந்தவருக்கு அசைய முடியாத வேஷம். ஆனால் நான் மேசன் அளவுக்கு இதில் ஒட்டவில்லை. எரிந்து விழும் பெரிய மனுஷர் வேஷம் அவருக்குக் கொஞ்சம் சுலபமாக வந்துவிட்டது என்று தோன்றும். குவின்சி ஜோன்ஸின் முகப்பு இசைக்காக மட்டும் பலமுறை கேட்டிருக்கிறேன்.

சம்பாதித்த பணத்தில் ஃபிஜியில் நைடௌம்பா என்ற தீவையே 1965ல் வாங்கிப்போட்டார், 1983ல் ஒரு அமெரிக்க சாமியாரின் கூட்டத்துக்கு விற்றுவிட்டார். உண்மையான பைத்தியம் ஆர்க்கிட் பூக்கள். பெனவிடஸோடு சேர்ந்து ஆர்க்கிட் வளர்த்து விற்கும் தோட்டத் தொழிலே நடத்தினார். கலப்பினம் செய்து உண்டாக்கிய ஒரு பூவுக்கு பார்பரா ஹேல் என்று பெயர். அப்புறம் சோனோமா பக்கம் டிரை கிரீக் பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்டம்.

1985ல் என்பிசி மேசனைத் திரும்பக் கூப்பிட்டது. நீதிபதி ஆகியிருந்த மேசன், கொலைப்பழியில் மாட்டிய டெல்லாவுக்காகப் பதவியை விட்டுவிட்டு வாதாட வருகிறார். பழைய கூட்டத்தில் மிச்சமிருந்தது பர்ரும் ஹேலும்தான். ஹேலின் மகன் வில்லியம் காட், பால் டிரேக்கின் மகனாக நடித்தார். ஒன்று என்று ஆரம்பித்தது 26 டெலிவிஷன் படங்களாக நீண்டது. குறைத்த எடையெல்லாம் திரும்ப வந்துவிட்டது, தாடி வேறு. பின்னால் வந்த படங்களில் நிற்கவே கஷ்டப்படுகிறார். மேஜையில் சாய்ந்துகொண்டு, கைத்தடியைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்கிறார். துடுப்பை உடைத்த பழைய அரசு வக்கீலும் கைத்தடி வைத்திருந்தது அப்போது ஞாபகம் வரும். அது ஒப்பனை, இது நிஜம்.

1993 கோடையில் சிறுநீரகப் புற்றுநோய் உடம்பெல்லாம் பரவியிருந்த நிலையிலும் கடைசி மேசன் படத்தை முடித்துக் கொடுத்தார். டிரை கிரீக் வீட்டில் நண்பர்களைக் கூப்பிட்டு விடைபெறும் விருந்துகள் வைத்தார். செப்டம்பர் 12 அன்று இறந்தார். நவம்பரில்தான் அந்தப் படம் ஒளிபரப்பானது. உடல் நியூ வெஸ்ட்மின்ஸ்டருக்கே போனது, அப்பா அம்மா இருக்கும் கல்லறைக்கு. சொத்து பெனவிடஸுக்கு.

பத்திரிகைகளில் இரங்கல் குறிப்புகள் வந்தன. பலவற்றில் அந்த மனைவிமார்களும் இருந்தார்கள், ஒருத்தர் விமானத்தில், ஒருத்தர் புற்றுநோயில். மகனும் இருந்தான். இறந்தபோது வயது பத்து என்று போட்டிருந்தார்கள்.